லாபம், ரெண்டு, மூணு

பெத்தா, என் அம்மாவின் அம்மா, செத்த அன்று எனக்கு அழ நேரம் கிடைக்கவில்லை. மரண அறிவித்தல் எழுதும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது.

2022 ஆனி மாதம். இலங்கை நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம். சாவீட்டுக்குக் கதிரை ஏற்றிவர வாகனம் இல்லாமல் மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். பெரிய மாமா கொப்பி ஒற்றை ஒன்றைக் கிழித்து என் கையில் வைத்தார். அதில் அவருடைய கோணல் எழுத்தில் பிள்ளைகளின் பெயர்கள் இருந்தன.

"நீதானே புள்ள எழுதுற ஆள். நீயே எழுதிக் கொண்டுபோய் அச்சுக்குக் குடு. பேர் ஒண்டும் விடுபடக் கூடாது. மறுகா ஆயுசுக்கும் சண்டை."

மட்டக்களப்பில் எங்கள் ஊரான குருமண்வெளியிலிருந்து களுவாஞ்சிகுடிக்குச் சைக்கிள் மிதித்தேன். கடையில் கம்பியூட்டருக்கு முன்னால் இருந்த பொடியன் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டான்: "தோற்றம்?"

அவனுடைய திரையில் குத்துவிளக்கும் தாமரைப் பூவும் ஏற்கெனவே தயாராக இருந்தன. இடப்பக்கம் தோற்றம், வலப்பக்கம் மறைவு. மறைவு எனக்குத் தெரியும். விடியப்புறம் நாலரை மணிக்கு என் மடியில்தான் நடந்தது. தோற்றம் தெரியாது. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பெத்தாவுக்கே தெரியாது.

அடையாள அட்டையில் ஒரு திகதி இருக்கத்தான் செய்தது. 1932 ஜனவரி 1. பழைய அடையாள அட்டை இலக்கத்தை வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு விளங்கும்: முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதனோடு 500ஐக் கூட்டிவிடுவார்கள். பெத்தாவின் இலக்கம் 32501 என்று தொடங்கும். ஊரில் அவரோடொத்த கிழவிகள் பலருக்கும் 501தான். வருடம் பிறந்த அன்றே எங்கள் ஊரில் இத்தனை பெண்பிள்ளைகள் வரிசையாகப் பிறந்து விழுந்ததாக அரசாங்கம் நம்பிக்கொண்டிருக்கிறது.

அட்டை எடுக்கப் போன கதையை அவர் ஆள்மாறி ஆள்மாறிக் குரல் எடுத்துச் சொல்வார். "எப்ப பிறந்த எண்டு கேட்டான். மழைக்குள்ள எண்டன். எந்த மழை எண்டான். பெரிய மழை எண்டன். சிரிச்சிப்போட்டு அவனே சும்மா ஒண்டை எழுதினான்."

வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, "சும்மா" என்று இன்னொரு தடவை சொல்வார்.

ஆனால் எனக்கு ஒரு பைத்தியம் இருந்தது. பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் லீவுக்கு வரும்போதெல்லாம் பெத்தாவின் வயதைக் கண்டுபிடிக்கிறேன் என்று ஒரு கொப்பியும் பேனையுமாக அவருக்குப் பக்கத்தில் குந்திவிடுவேன். அவருக்கும் அது பிடிக்கும், ஏனென்றால் கதை சொல்லலாம்.

முதல் சாட்சி, கடல். அவர் பெரிய பிள்ளையாகி, தீட்டுக்கு ஒதுக்கிவைக்கும் குச்சில் என்ற சின்னக் குடிலுக்குள் இருந்த நேரம், சித்திரை வருசத்துக்கு முந்தின கிழமை, முகில் ஒரு பொட்டும் இல்லாத வானத்தில் கடற்பக்கமாக இடி இடித்ததாம். ஒன்றல்ல, அடுத்தடுத்து. அவருடைய தாய் ஓடிவந்து, தீட்டும் கணக்கும் பார்க்காமல், குச்சிலிலிருந்து இழுத்து வீட்டுக்குள் போட்டுக் கதவைச் சாத்தினாராம். "யப்பான்காரன் கப்பலை உடைச்ச எண்டு மறுகாத்தான் சொன்னாங்க." அது ‘ஹெர்மிஸ்’. பிரித்தானியரின் விமானந்தாங்கிக் கப்பல். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக் கடலில் யப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன. இன்றைக்கும் அது அங்கேதான் கிடக்கிறது. அதைப் பார்க்க வெளிநாட்டுச் சுழியோடிகள் வருகிறார்கள். இரண்டாம் உலக யுத்தம் எங்கள் குடும்பத்துக்குச் செய்த தீங்கு, பெத்தாவின் சாமத்தியச் சடங்கு ஒழுங்காக நடக்காமல் போனதுதான். எண்பது வருடத்துக்குப் பிறகும் அந்தக் கோபம் அவருக்கு ஆறவில்லை.

இரண்டாவது சாட்சி, பெரிய மாமா. அவருக்குப் பிறப்புச் சான்றிதழ் உண்டு: 1952 ஜூன். அதற்கு முந்தின மாதம் பொதுத் தேர்தல். நிறைவயிற்றோடு வரிசையில் நின்று வோட்டுப் போட்டதாகவும், வெயிலில் மயங்கப் போக, முன்னால் நின்ற முஸ்லிம் காக்கா ஒருவர் "மச்சி, நீங்க முன்னுக்குப் போங்க" என்று விலகி இடம் கொடுத்ததாகவும் பெத்தா சொல்வார். அந்தக் காலத்தில் வாக்குரிமை வயது 21. பதினெட்டாகக் குறைந்தது பிறகுதான். ஆகவே 1952இல் அவருக்கு 21 நிறைந்திருக்க வேண்டும். 1932 என்பது அந்த இடத்திலேயே பொய்யாகிவிடுகிறது. கப்பல் உடைந்தபோது பன்னிரண்டு பதின்மூன்று என்று வைத்தால் 1929 வருகிறது.

கொப்பியை மூடி, "பெத்தா, நீங்க 1929" என்றேன்.

"அப்ப மூணு வயசு கூடிப்போச்சா?" என்று கவலைப்பட்டார்.

பெத்தப்பா மண்டூர்க்காரர். எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்றால் றோட்டு இல்லை, வாவியைக் கடக்கும் மிதவை. குருமண்வெளித் துறையில் ஏறினால் மண்டூர்த் துறையில் இறக்கிவிடும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வீடு, மேற்கே படுவான்கரையில் வெள்ளாமை என்று வாழ்கிற சனத்துக்கு அந்தப் பாதைதான் எல்லாம். நெல்லு அதில் வரும், மாடு அதில் வரும், மாப்பிள்ளையும் அதில்தான் வந்தார். ஒரு றங்குப் பெட்டி, ஒரு மண்வெட்டி, மண்டூர் முருகனின் திருநீற்றுப் பொட்டலம். அவ்வளவோடு வந்து பெத்தாவின் வீட்டில் குடியேறியவர் 1996இல் அந்த வீட்டு வளவிலிருந்துதான் போனார்.

மட்டக்களப்புக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்களிடம் குடி, அதாவது குலம், தாய்வழி. தமிழருக்கும் அப்படித்தான், அக்கம்பக்கத்துச் சோனகருக்கும், அதாவது முஸ்லிம்களுக்கும், அப்படித்தான். வீடு பெண்ணுக்கு; ஆண் கட்டிக்கொண்டு போகிறவன். பெண்பிள்ளைக்குக் கலியாணம் என்றால் தாய் தன் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவில் பின்னுக்கு ஒரு குடிலைப் போட்டு ஒதுங்குவாள். அடுத்த மகளுக்கு இன்னொரு வீடு, இன்னொரு ஒதுக்கம். பெண்ணுக்கு வீடு உரிமை என்று மாநாடுகளில் எங்கள் ஊரைப் புகழ்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். புகழட்டும். அந்த உரிமையைக் கொடுப்பதற்காக ஒரு தாய் வாழ்நாளில் எத்தனை தரம் தன் வீட்டை விட்டு இறங்குகிறாள் என்பதையும் யாராவது எண்ண வேண்டும்.

பெத்தா மூன்று தரம் இறங்கினார். 1974இல் தாய் வீட்டைப் பெரியம்மாவுக்குக் கொடுத்தார். 1981இல், சூறாவளிக்குப் பிறகு கட்டிய சின்னக் கல்வீட்டை என் அம்மாவுக்கு. 1988இல் மூன்றாவதைச் சின்னம்மாவுக்கு. ஒவ்வொரு தரமும் அவர் தூக்கிக்கொண்டு போனவை ஒரு பன்பாய், நெல் அளக்கிற மரைக்கால் ஒன்று, வெற்றிலை வட்டா, வெற்றிலை இடிக்கிற சின்ன இரும்பு உரல். கடைசியாகப் போட்ட குடில் வளவின் மூலையில், கிணற்றுக்கும் முருங்கைக்கும் நடுவில் இருந்தது. அதற்குள் நிமிர்ந்து நின்றால் என் தலை கிடுகில் முட்டும். அவருக்கு முட்டாது.

சூறாவளி என்றேன். அதை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது.

1978 நவம்பர் 23 இரவு. மட்டக்களப்பில் அந்தத் தலைமுறையிடம் ‘சூறாவளி’ என்றால் வருடம் சொல்லத் தேவையில்லை. நான் அப்போது பிறக்கவில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும், அம்மாவும் ஒரே மாதிரித்தான் ஒவ்வொரு தரமும் சொல்வார். பின்னேரம் காற்று ஏறியது. இருட்டியதும் ஓடு பறந்தது. எல்லாரும் நெல்லுப் பட்டறைக்கு அடியில் ஒதுங்கினார்கள், நிறைந்த பட்டறையைக் காற்றுத் தூக்காது என்று. விளக்கு இல்லை. பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அந்த இருட்டுக்குள் ஒரு கை வந்து தலையைத் தொடும். பெத்தாவின் கை. ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டே இருந்தாராம். லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. எண்ணி முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து. விடியும் வரைக்கும்.

நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்வதில்லை. முதல் மரைக்காலுக்கு ‘லாபம்’ என்றுதான் பெயர். அவர் நெல்லை மட்டுமல்ல, எதையும் அப்படித்தான் எண்ணுவார்: கோழிக்குஞ்சு, தேங்காய், பிள்ளைகள். பெரிய மாமாதான் ‘லாபம்’. அந்தப் பெயரைச் சொல்லி அவரைப் பள்ளிக்கூடத்தில் பகிடி பண்ணுவார்களாம். கலியாணம் முடித்துப் பிள்ளை பெற்றிருந்த பெரியம்மாவின் தலையையும் அன்றிரவு விடாமல் தொட்டார். வெளுத்த பிறகு வெளியே வந்து பார்த்தால் தென்னை ஒன்றும் நிற்கவில்லை. வாவி முழுக்கத் தெரிந்ததாம். அதற்கு முன் அந்த முற்றத்திலிருந்து வாவி தெரிந்ததே இல்லை.

ஏழு பெற்றேன் என்றுதான் பெத்தா சொல்வார். ஒன்று 57 வெள்ளத்தில் தவறிப்போனது, பிறந்து ஒரு மாதம்கூட இல்லை. காய்ச்சல், சுற்றிவரத் தண்ணீர், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழி இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் அவர் பேசியதில்லை. எண்ணும்போதும் சேர்க்கமாட்டார். போனது போனது என்று அவருக்குத் தெரிந்த பிள்ளை அது.

நடு மாமா அப்படி இல்லை.

எண்ணிக்கையில் அவர் நாலு. 1962இல் பிறந்தவர், கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை. பச்சை நிற றலிச் சைக்கிள் வைத்திருந்தார். சனிக்கிழமைகளில் என்னைப் பாரில் ஏற்றிக்கொண்டு களுவாஞ்சிகுடிக்குப் போய் ஒரு பணிஸ் வாங்கித் தருவார். அந்தப் பணிஸின் உச்சியில் சீனி ஒட்டியிருக்கும். எனக்குச் சீனி, மிச்சம் அவருக்கு. ஏழு வயது வரையில் அவரைப் பற்றி எனக்கு வேறு எதுவும் தெரியாது.

1990. ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியது. ஆவணியில் ஒரு காலை சுற்றிவளைப்பு. ஆண்கள் எல்லாரையும் பள்ளிக்கூட வளவுக்கு வரச் சொன்னார்கள். நடு மாமா கிணற்றடியில் நின்றவர், சாறனும் பெனியனுமாகப் போனார். பெத்தா சேட்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். மறித்துவிட்டார்கள். மத்தியானம் மற்ற ஆண்கள் திரும்பி வந்தார்கள். நடு மாமாவையும் இன்னும் சிலரையும் லொறியில் ஏற்றியதாகச் சொன்னார்கள். விசாரித்துவிட்டு விடுவதாகச் சொன்னார்களாம். பெத்தா சேட்டைக் கையில் வைத்துக்கொண்டு றோட்டோரம் நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அல்லது அம்மா சொல்லிச் சொல்லி ஞாபகமாகிவிட்டது. பிறகான வருடங்களில் அவர் யாரையும் திட்டவில்லை. ஒன்றை மட்டும் சொல்வார்: "சேட்டில்லாமப் போய்ட்டான்."

தேடின கதையை நான் எழுதப் போவதில்லை. இந்தக் கரையில் அது எல்லா வீட்டிலும் ஒரே கதை. முகாம், கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகம், மட்டக்களப்புக்குப் பஸ், மனு, இன்னொரு மனு, விசாரணை ஆணைக்குழு, பிறகு இன்னொன்று. எங்கள் பெண்கள் முத்திரை ஒட்டப் பழகியது அந்தக் காலத்தில்தான்.

1995இல் ஒரு சட்டம் வந்தது. ஒரு வருடத்துக்கு மேல் காணாமல் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம், எடுத்தால் நட்டஈடும் கிடைக்கும். ஒரு நாள் வீட்டுக்கு ஓர் அதிகாரி படிவத்தோடு வந்தார். நல்ல மனுசன், மரியாதையாகத்தான் பேசினார். எனக்குப் பன்னிரண்டு வயது, தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான். பெத்தா திண்ணையில் இருந்து முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"செத்த திகதி எத்தினை எண்டு போடுவீங்க?"

கூட்டிக்கொண்டு போன திகதியைப் போடலாம் என்றார் அவர்.

"எனக்குப் பிறந்த திகதியைச் சும்மா போட்டீங்க. என்ட புள்ளைக்குச் செத்த திகதியையும் சும்மா போடப் போறீங்களா?"

அதிகாரி தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும் அதே பதில்தான். 2016இல், இறந்துவிட்டார் என்று சொல்லாமல் ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழுக்குச் சட்டம் வந்தது. அதை வாசித்துக் காட்டினேன். "காணயில்ல எண்டு எனக்கே தெரியும். அதுக்கேன் கடதாசி?" என்றார்.

வீட்டுக்குள் இதனால் சண்டை இல்லாமல் இருந்தது என்று சொன்னால் பொய். பெரிய மாமாவுக்கு அப்போது மூன்று பெண்பிள்ளைகள், தலைக்கு மேல் கடன். நட்டஈட்டுக் காசில் அரைவாசி வந்தாலும் ஒரு வீட்டுக்குக் கூரை போடலாம் என்றார். ‘வாறதெண்டா இவ்வளவுக்கும் வந்திருப்பான்’ என்று ஒரு நாள் வாய்விட்டும் சொல்லிவிட்டார். பெத்தா அவரோடு ஒரு வருடம் பேசவில்லை. நான் அன்று பெத்தா பக்கம். இப்போது எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால் பெரிய மாமாவைக் குறை சொல்லும் துணிவு குறைந்துவிட்டது.

வருடா வருடம் கிராம சேவகர் வாக்காளர் படிவத்தோடு வருவார். குடித்தனத் தலைவர் பெத்தாதான். பெயர்களை அவர் சொல்ல நான் எழுதுவேன். நாலாவது பெயரைச் சொல்லிவிட்டு என் பேனையைப் பார்ப்பார், எழுதுகிறேனா என்று. ஊரில் இல்லாத ஆளை எழுத முடியாது என்று ஒரு கிராம சேவகர் சொன்னார். "எங்க இருக்கான் எண்டு சொல்லுங்க, அங்க பதியிறன்" என்றார் பெத்தா. பதில் இல்லை. பெயர் இருந்தது. சில வருடங்களில் வெட்டுப்பட்டிருக்கும். அடுத்த வருடம் திரும்ப எழுதுவோம்.

இன்னொன்று, மாசி பங்குனியில் நடப்பது. பெரும்போக நெல்லு படுவான்கரை வட்டையிலிருந்து வந்து முற்றத்தில் இறங்கும். சாக்குக்கணக்கும் தராசும் வந்து எத்தனையோ காலம், ஆனாலும் பிள்ளைகளின் பங்கைப் பெத்தா மரைக்காலால்தான் அளப்பார். பன்பாயை விரித்து, கிழக்கு முகமாக ஒரு காலை மடித்துக் குந்துவார். மரைக்காலைக் குவியலுக்குள் புதைத்து எடுத்து, மேலே கூம்பாக நிற்கும் நெல்லைக் கையால் வழிக்கமாட்டார். வழித்தால் பொலி போய்விடும் என்பார். ‘லாபம்’ என்று நீட்டி இழுத்துச் சொல்லி முதல் குவியல். பிறகு ரெண்டு, மூணு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குவியல், இங்கே இல்லாத பிள்ளைக்கும். நாலாவது குவியலைத் தனியே சாக்கில் கட்டி, மூலையில் வைப்பார். வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் கதவு திறக்கும்போது, வீடு வீடாக மடிப்பிச்சை எடுத்த நெல்லோடு அந்தச் சாக்கும் கோயிலுக்குப் போகும். "அவன்ட பங்கை அம்மா சாப்பிடட்டும். வந்தா அவவிட்டக் கேட்டு வாங்குவன்."

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை கடற்பக்கத்துச் சனம் வாவிப் பக்கமாக ஓடிவந்தது. 2007இல் படுவான்கரைச் சனம் செல்லடிக்குத் தப்பி வாவியைக் கடந்து வந்தது. இரண்டு தரமும் எங்கள் வளவு நிறைந்தது, இரண்டு தரமும் பெத்தா அண்டாவில் சோறு வடித்தார். அந்தச் சனத்துக்குள் வயதொத்த ஆண்களைக் கண்டால் ஒரு கணம் கூடுதலாகப் பார்ப்பார். அதைப் பற்றிக் கேட்க எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

ஆவணித் தீர்த்தத்துக்கு மண்டூருக்குப் போவதை மட்டும் தொண்ணூறு வயதுவரை விடவில்லை. பாதையில் ஏறியதும் கையை வாவித் தண்ணியில் நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். மண்டூரில் மூலஸ்தானத்துக்குத் திரைதான். கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் இல்லாமல் பூசை செய்வார். என்ன கேட்டீர்கள் என்று ஒரு தரம் கேட்டேன். "பேசாத சாமிட்ட என்னத்தைக் கேக்கிற. நிண்டுபோட்டு வந்தன்" என்றார்.

கடைசி இரண்டு வருடம் பல் ஒன்றும் இல்லை. வெற்றிலையை நான்தான் இடித்துக் கொடுப்பேன். களுதாவளை வெற்றிலைதான் வேண்டும், வேறு ஊரது என்றால் வாயில் வைத்ததும் கண்டுபிடித்துவிடுவார். முதலில் பாக்கைச் சீவி உரலில் போட்டு இடிக்க வேண்டும், அது தூளாகிய பிறகுதான் வெற்றிலை. நரம்பை உரித்து நாலாகக் கிழித்துப் போட்டு, சுண்ணாம்பை நகநுனியில் தொட்டு உரலின் ஓரத்தில் தடவ வேண்டும். சத்தத்தை வைத்தே, "இன்னும் ரெண்டு இடி" என்பார். ஒரு நாள் அவசரத்தில் சுண்ணாம்பு கூடிவிட்டது. வாயில் போட்டதும் முகம் சுளித்தார், துப்பவில்லை. "வாய் பொத்துப்போச்சு கிளி. ஆனா நல்லாத்தான் இடிச்சிருக்காய்" என்றார். அன்று இரவு அவருக்குத் தயிர் மட்டும்தான் இறங்கியது.

கடைசிக் கிழமையில் ஆட்களைத் தெரியாமல் போனது. என்னைத் தன் தாய் என்று நினைத்து, குச்சிலுக்குள் இருக்கப் பயமாக இருக்கிறது என்று ஒரு பின்னேரம் அழுதார். ஆனால் எண்ணுவது மட்டும் நிற்கவில்லை. பக்கத்தில் யார் இருந்தாலும் விரல்களைப் பிடித்து எண்ணுவார். பெரிய மாமா ஒரு முழுப் பகலும் கையைக் கொடுத்துவிட்டு இருந்தார். லாபம், ரெண்டு, மூணு, நாலு. நாலில் பெத்தா தடங்கவில்லை. பெரிய மாமாதான் ஒவ்வொரு நாலுக்கும் கண்ணை மூடித் திறந்தார்.

அச்சுக்கடைக்கு வருகிறேன். பொடியன் இன்னும் தோற்றத்துக்குக் காத்திருந்தான். "1929" என்றேன். மாதம், திகதி? "வருசம் மட்டும் போடுங்க." மரணச் சான்றிதழில் அடையாள அட்டைப்படி 90 வயது என்றுதான் வரப்போகிறது, அறிவித்தலில் 93. ஊருக்குள் யார் கேட்கப் போகிறார்கள்.

பிறகு பிள்ளைகளின் வரி. கொப்பி ஒற்றையை விரித்தேன். பெரிய மாமா ஆறு பெயரையும் பிறந்த வரிசையில் எழுதியிருந்தார். 2011இல் செத்த பெரியம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ‘காலஞ்சென்ற’ என்ற குறிப்பு. நாலாவது பெயருக்குப் பக்கத்தில் ஏதோ எழுதி, பிறகு பேனை அமுங்க அமுங்க வெட்டியிருந்தது. ஒற்றை கிழிந்துபோகும் அளவுக்கு வெட்டு. எழுதத் தெரிந்தவள் என்று அவர் இந்த வேலையை என்னிடம் தரவில்லை என்பது எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது.

"காலஞ்சென்ற ஆக்களை முதல்ல போடுவம் அக்கா" என்றான் பொடியன். "ஆர் ஆர்?"

பெரியம்மாவின் பெயரைச் சொன்னேன்.

"அவ்வளவுதானா?"

"ஓம். அவ்வளவுதான்."

மற்ற ஐவரையும் வரிசையாகச் சொன்னேன். அவன் வேகமாக அடித்தான். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் நாட்டைப் போடுவது வழக்கம். சின்னம்மாவுக்குச் சுவிஸ். சின்ன மாமாவுக்குக் கனடா. அவர்கள் இருவரும் டிக்கெட் கிடைக்காமல் அந்த நேரம் போனில் அழுதுகொண்டிருந்தார்கள். பொடியன் மேலே போய், நடு மாமாவின் பெயருக்குப் பக்கத்திலும் இரண்டு அடைப்புக்குறியைத் திறந்து மூடி வைத்தான்.

"இவர் எந்த நாடு அக்கா?"

"குருமண்வெளி."

"அப்ப ஊரிலதானே. ஊர் ஆக்களுக்குப் போடத் தேவையில்ல."

"போடுங்க தம்பி."

அவன் தோளைக் குலுக்கிவிட்டு அடித்தான். ‘குருமன்வெளி’ என்று வந்தது. மூன்று சுழி ணகரம் போடச் சொல்லித் திருத்தினேன்.